மெல்லிய புத்தகம் பைண்டிங்கில் இருக்கிறது

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

இந்தத் தவக்காலத்தில் எழுத வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் என் வழக்கப்படி எங்கேயாவது விலகிப் போய்விடுவேன்.

1. லென்ஸ் வடிவமைப்பு படிக்க ஜெசிந்தாவுக்கு எந்தெந்தப் புத்தகம், எந்த வரிசையில்.
2. மெல்லிய புத்தகத்தை முதலில் கொடுப்பது ஏன் சரியல்ல.
3. கணினி ஏன் கடைசியில்.
4. அவள் தேறினால் யாருக்கு என்ன ஆகும்.
5. வழி சொல்லும் எவரும் தன் வசதியையும் கொஞ்சம் கலந்துதான் சொல்வார். இது மனித இயல்பு. ஆகவே குற்றமாகக் கருத வேண்டியதில்லை.
6. என் கண்.

ஓசூரில் ஒரு லென்ஸ் நிறுவனம் வடிவமைப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறது. மார்ச் 25 தேர்வு, அன்றே நேர்காணல். வயது வரம்பு நாற்பது. ஜெசிந்தாவுக்கு ஜூனில் நாற்பது முடிகிறது. அதனால் அவளுக்கு இது ஒன்றுதான்.

ஜெசிந்தா என் மருமகள். என் மகன் பிரிட்டோ டொராண்டோவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான். அதைப்பற்றி இந்த வீட்டில் பேசுவதில்லை. அவன் போன பிறகும், என் மனைவி காலமான பிறகும் ஜெசிந்தா இங்கேயே இருந்துவிட்டாள். பக்கத்து மெட்ரிக் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எனக்குக் கண்ணில் நீரழுத்த நோய், கிளாக்கோமா. மூன்று சொட்டு மருந்து, காலையும் மாலையும். எனக்குக் கை நடுக்கம் உண்டு. ஒருமுறை நானே விட்டுக்கொள்ளப் பார்த்துக் கருவிழியைக் குத்திக்கொண்டேன். அதிலிருந்து அவள்தான் விடுகிறாள்.

காலையில் சாம்பல் பூசும்போது சாமியார், இறைச்சியை விடுவது மட்டும் தவம் ஆகாது, பிறருக்கு ஓர் உதவியும் செய்யுங்கள் என்றார். நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா கேட்டாள்.

"மாமா, வாழ்நாளெல்லாம் நீங்க இதே லென்ஸ் வேலைதான் பாத்திருக்கீங்க. எதை முதல்ல படிக்கணும்னு நீங்களே சொல்லுங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு அதையே படிக்கிறேன்."

இந்த வருட உதவியாக இதை எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 23

அலமாரியைத் துடைத்தேன். பணியில் இருந்தபோது சேர்த்தவற்றில் உருப்படியானவை மூன்று.

பச்சை அட்டை போட்ட இரண்டு பாகம்: ஒளிக் கதிர் எப்படியெல்லாம் பிசகும் என்ற கணிதம் முழுவதும் அதில் இருக்கிறது. முதல் எண்பது பக்கங்களில் லென்ஸ் என்ற சொல்லே வராது. எனக்கே நான்கு வருடம் பிடித்தது. நல்ல நூல் அப்படித்தான் இருக்கும்.

பழைய கைநூல்: லாகரிதம் அட்டவணையை வைத்துக் கதிரைக் கையால் கணக்குப் போட்டுத் தொடர்ந்த காலத்தது.

மெல்லிய பழுப்புப் புத்தகம்: முதல் அத்தியாயத்தில் ஒரே ஒரு லென்ஸ். அதை வைத்துப் படம் எடுத்தால் எங்கெல்லாம் மங்கும் என்று காட்டுவார்கள். அடுத்ததில் இரண்டு கண்ணாடிகளை ஒட்டி அந்த மங்கலில் ஒன்றைக் குறைப்பார்கள். பிறகு மூன்று. ஒவ்வொரு அத்தியாயமும் முடியும்போது படிப்பவன் தானே ஒரு லென்ஸைச் செய்து முடித்திருப்பான். இதில் உள்ள ஆபத்து, அவனுக்கு நம்பிக்கை வந்துவிடும். அரைகுறை நம்பிக்கை தேர்வில் உதவாது.

ஆகவே பச்சைப் புத்தகம் முதலில், கைநூல் அடுத்து. நேரம் இருந்தால் மெல்லியது.

அதன் அட்டை ஓரத்தில் கிழிந்திருந்தது. மேலப்புதூர் பைண்டர் மொய்தீனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். புரட்டிப் பார்த்து, தையல் நன்றாகத்தான் இருக்கிறது, அட்டை மட்டும்தானே, நாளை மாலையே தருகிறேன் என்றார். அவசரம் இல்லை, ஈஸ்டர் முடிந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 27

ஜெசிந்தா பள்ளியிலிருந்து வந்து, துணி மடித்து, சாப்பாட்டு மேசையில் பச்சைப் புத்தகத்தை விரித்து உட்காருகிறாள். கூடவே மாணவர்களின் விடைத்தாள் கட்டு. அதைத் தள்ளிவைத்துவிட்டு இதை, இதைத் தள்ளிவைத்துவிட்டு அதை.

"மாமா, இந்தப் புத்தகத்தைப் படிச்சா லென்ஸ் போட வருமோ வராதோ, எனக்கு சோடாபுட்டி மட்டும் கண்டிப்பா வந்துரும்."

சிரித்தேன். ஒரு சமன்பாட்டை விளக்கச் சொன்னாள். விளக்கினேன். விளக்க விளக்க அவள் முகம் இறுகியது. எனக்கு விளக்கும் திறன் குறைந்துவிட்டதோ என்று பட்டது. பணியில் இருந்தபோது அப்படி யாரும் சொன்னதில்லை.

மார்ச் 3, வெள்ளி

சிலுவைப்பாதை. முழங்கால் வலி. பச்சைப் புத்தகம், பக்கம் 41.

மார்ச் 5, ஞாயிறு

பிரிட்டோ பேசினான். அங்கே பனி என்றான். ஜெசிந்தா தேர்வு எழுதப்போவதை நான்தான் சொன்னேன்; சொல்லியிருக்க வேண்டாம். பிறகு கேட்டான்.

"அவங்க போயிட்டா உங்களுக்கு மருந்து யாருப்பா விடுவா? அங்க நல்ல ஹோம்லாம் வந்துருக்காம். நான் விசாரிக்கட்டுமா?"

சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டது. ஹோம் என்ற சொல்லை அவன் இதற்குமுன் சொன்னதில்லை.

அவள் தேறினால் யாருக்கு என்ன ஆகும் என்ற நான்காவது குறிப்பை இன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தலைவலி.

மார்ச் 9

தேர்வில் பாதி மதிப்பெண் கணினியில். லென்ஸ் வடிவமைக்கும் மென்பொருளை ஒரு மாதத்துக்கு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று உடன் வேலைபார்க்கும் ஆசிரியை சொன்னாளாம். இறக்கட்டுமா என்று ஜெசிந்தா கேட்டாள்.

"கையால ஒரு கதிரைப் போடத் தெரியாதவங்க கம்ப்யூட்டர்ல போட்டா குப்பைதான் வரும்மா" என்றேன்.

இது உண்மையான வாக்கியம். எந்த நிபுணரும் மறுக்கமாட்டார். நான் பொய் சொல்வதில்லை.

அவள் தலையாட்டினாள். பழைய கைநூலை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கைநூலில் கோணத்துக்குப் போடும் கூட்டல் கழித்தல் குறி இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். இன்று கூட்டல் என்றால் அதில் கழித்தல். பழக்கம் இல்லாதவர்கள் இதில்தான் விழுவார்கள். கதிர் குவிய வேண்டிய இடத்தில் விரிந்துகொண்டு போகும். அவளிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 10, வெள்ளி

கோணக் குறி பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சிலுவைப்பாதைக்குப் போக நேரமாகிவிட்டது.

மார்ச் 12

நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 14

மாலை மருந்து விடும்போது ஜெசிந்தாவின் விரல் என் நெற்றியில் சூடாக இருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றாள். என் தலை நாற்காலியில் சாய்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. அப்போது சொன்னாள். முகம் பார்க்க முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

"எம்.எஸ்சி. படிச்சதெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல மாமா. ஒரே பக்கத்த நாலு தடவ படிக்கிறேன். பிள்ளைங்களை மக்குன்னு திட்டுவேன், இப்ப என்னைப் பாத்தே அது வாயில வருது. எனக்கு இது வராதோ?"

பணியில் இருந்த காலத்தில் பயிற்சிக்கு வந்த பையன்கள் இதையே கேட்டிருக்கிறார்கள். அப்போது சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. இன்று வேறு சொன்னேன்.

"எல்லாருக்கும் எல்லாம் வராதும்மா."

அவள் மூன்றாவது மருந்தை விட்டுவிட்டு, கண்ணைத் திறக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு அடுக்களையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி காலியாகிவிடுமே என்று கவலையாக இருந்தது.

இரவு கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாக இருந்தது.

மார்ச் 17, வெள்ளி

"மெல்லிசா ஒரு புத்தகம் இருந்துச்சே மாமா, பழுப்பு அட்டை போட்டு. அத்தை இருக்கும்போது நானே தூசி தட்டி வச்சிருக்கேன். அதுல படம்லாம் நிறைய இருக்கும்."

"பைண்டிங்ல இருக்கும்மா."

ரசீது கொடுங்கள், பள்ளி விட்டு வரும்போது வாங்கிவருகிறேன் என்றாள். கடை பூட்டியிருக்கிறது, மொய்தீன் ராமநாதபுரம் போயிருக்கிறார் என்றேன்.

இதைப் பொய் என்று கொள்ளலாமா என்று யோசித்தேன். அவருடைய மகளை ராமநாதபுரத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார். போகக்கூடியவர்தான்.

மார்ச் 20

நான் சந்தேகப் பேர்வழி. எதையும் மூன்று முறை சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று தொழிற்சாலையில் கேலி செய்வார்கள். இந்தப் புத்தக வரிசையையும் மூன்று முறை சரிபார்த்தேன். தர்க்கத்தில் பிழை இல்லை: அடிப்படை முதலில், பயிற்சி அடுத்து, கருவி கடைசியில். எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்கும்.

பச்சைப் புத்தகம், பக்கம் 96. அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது.

மார்ச் 24, வெள்ளி

மதியப் பேருந்தில் ஜெசிந்தா ஓசூர் கிளம்பினாள். பக்கத்து வீட்டு கிரேஸ் டீச்சரிடம் மருந்து விடச் சொல்லட்டுமா என்றாள். இரண்டு நாள்தானே, வேண்டாம், சமாளித்துக்கொள்கிறேன் என்றேன். வாசலில் குனிந்து நின்றாள். நெற்றியில் சிலுவை வரைந்தேன். கை நடுங்கியது. அது நோய்.

அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் கோணக் குறி நினைவுக்கு வந்தது. போனில் சொல்லலாம். பயணத்தில் இருப்பவளைக் கடைசி நேரத்தில் ஏன் குழப்ப வேண்டும்.

மருந்து விட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

விடியும்போதே வந்துவிட்டாள். குளித்து, பூசைக்குப் போய்வந்து, இட்லி வைத்தாள். தேர்வைப் பற்றி நானும் கேட்கவில்லை. மருந்துப் பெட்டியை எடுத்து வந்து, சாய்ந்துக்குங்க என்றாள்.

முதல் சொட்டு விட்ட பிறகு சொல்லத் தொடங்கினாள். ஒட்டு லென்ஸ் ஒன்றைக் கொடுத்து அதன் வழியே கதிரைக் கணக்குப் போடச் சொன்னார்களாம். போட்டாள். கதிர் குவியாமல் விரிந்துகொண்டே போயிருக்கிறது. அடித்துவிட்டு மறுபடி போட்டாள், மறுபடியும் விரிந்தது. நேரம் முடியும் தறுவாயில்தான் கோணத்தின் குறி தலைகீழ் என்று புரிந்திருக்கிறது. பிறகு கணினி. மற்றவர்கள் தட்டத் தொடங்கியபோது எந்த இடத்தில் எண்களைப் போடுவது என்றே இவளுக்குத் தெரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"என் தப்புதான் மாமா. முதல்லயே சரிபாத்திருக்கணும்."

எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் தவறாகப் பொருள்படும். நிம்மதி என்று எழுதலாம்.

பிறகு இரண்டாவது சொட்டு. அதன் பிறகு நேர்காணலைச் சொன்னாள்.

"திரவியம்னு ஒருத்தர் கேள்வி கேட்டார் மாமா. உங்ககிட்ட டிரெய்னிங் எடுத்தவராம். உங்க பேரைச் சொன்னதும் எந்திரிச்சு நின்னுட்டார்."

திரவியம் நல்ல பையன். கழுத்துப்பட்டை எப்போதும் அழுக்காக இருக்கும்.

"என்னென்ன படிச்சீங்கன்னு கேட்டார். சொன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல. 'மெல்லிசு புத்தகத்தைத் தரலியா உங்களுக்கு? எங்க எல்லாருக்கும் முதல் நாளே சார் அதைத்தானே கையில திணிப்பார். மூணு லென்ஸ் செஞ்சு முடிக்காம பச்சைப் புத்தகத்தைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு சொல்வாரே'ன்னார்."

தெருவில் கோலமாவு விற்பவன் போய்க்கொண்டிருந்தான்.

"நீ என்னம்மா சொன்னே?"

"பைண்டிங்ல இருக்குன்னு சொன்னேன்."

மூன்றாவது மருந்தை விட்டாள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. கண்ணைத் திறக்காதீங்க என்றாள்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

குருத்தோலையில் சிலுவை பின்னி என் புகைப்படச் சட்டத்தில் செருகினாள். ஒவ்வொரு வருடமும் செய்வதுதான். சாப்பாடு, மருந்து, துணி எல்லாம் வழக்கப்படி. பேச்சு மட்டும் "இந்தாங்க", "போதுமா" என்ற அளவில்.

பச்சைப் புத்தகத்தைத் துடைத்து அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 4

பாவசங்கீர்த்தனம். ஆட்டோக்காரனிடம் கோபப்பட்டது, ஒரு வெள்ளிக்கிழமை மறதியாக முட்டை தின்றது, செபத்தில் கவனக்குறைவு. வேறு ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார். இல்லை ஃபாதர் என்றேன்.

புத்தகத்தை எந்த வரிசையில் படிப்பது என்பது கல்வி முறை சார்ந்த விஷயம். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னால் சாமியாருக்கே விளங்காது.

வரும் வழியில் மொய்தீனிடம் புத்தகத்தை வாங்கினேன். பிப்ரவரியிலேயே முடித்துவைத்துவிட்டாராம். முதுகில் பொன் எழுத்துப் போட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

கஞ்சி. மூன்று மணி ஆராதனை.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

கறிக்குழம்பு வைத்தாள். எனக்கு இரண்டாம் முறை பரிமாறிவிட்டு உட்கார்ந்து சொன்னாள். திரவியம் போன் செய்தாராம். வடிவமைப்பாளர் வேலை இல்லை. அங்கேயே செய்து முடித்த லென்ஸ்களில் கீறல், குமிழி இருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்க்கும் வேலை இருக்கிறது. சம்பளம் பள்ளியைவிடக் குறைவு. பெண்கள் விடுதி உண்டு. வயது வரம்பு இல்லை. நாளைக்குக் கிளம்புகிறாள். பள்ளியில் ஏற்கனவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"எம்.எஸ்சி. படிச்சிட்டு அந்த வேலைக்கா?" என்றேன்.

"எல்லாருக்கும் எல்லாம் வராதுல்ல மாமா."

குரலில் கோபம் இல்லை. எழுந்து போய் மெல்லிய புத்தகத்தை எடுத்து வந்தேன். பொன் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். திறக்கவில்லை.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். யாராவது கேட்டா குடுங்க."

ஏப்ரல் 10

போவதற்கு முன் மருந்துப் புட்டிகளை மேசையில் நிறுத்தி வைத்தாள்.

"நீல மூடி முதல்ல. அஞ்சு நிமிஷம் கழிச்சு வெள்ளை, அதைக் குலுக்கணும். ஜெல் கடைசி. கிரேஸ் டீச்சர்கிட்ட சொல்லியிருக்கேன், கூப்பிட்டா வந்து விட்டுட்டுப் போவாங்க. வரிசையை மட்டும் மாத்திராதீங்க மாமா."

இன்றைக்கு நெற்றியில் சிலுவை வரையச் சொல்லவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை.

ஏப்ரல் 11

காலையில் நீல மூடியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. இத்தனை வருடமும் நான் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எந்தப் புட்டி முதலில் வந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஒன்று எரியும், ஒன்று குளிரும், ஒன்று பார்வையை மறைக்கும். எது எப்போது என்று நினைவில்லை.

அவள் சொன்னதுதான் ஒரே ஆதாரம். அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன வரிசை சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

புட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13

"மாத்திராதீங்க" என்று அழுத்திச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். சரியான வரிசையாக இருந்தால் அவ்வளவு அழுத்தம் எதற்கு?

டாக்டரிடம் கேட்கலாம். இதுவரை யார் விட்டார்கள், அவர்கள் எங்கே என்று அவர் கேட்பார். கிரேஸ் டீச்சர் இரண்டு முறை வாசலில் வந்து கேட்டாள். நானே விட்டுக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவளுக்கும் ஜெசிந்தாதானே சொல்லிக் கொடுத்திருப்பாள்.

ஏப்ரல் 15

தர்க்கப்படி முடிவுக்கு வந்தேன். அவள் சொன்னதைத் தலைகீழாக்கினால் சரியாக இருக்கும். ஜெல் முதலில், வெள்ளை அடுத்து, நீல மூடி கடைசி. பாதி கன்னத்தில் வழிந்தது.

ஏப்ரல் 19

விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. தலைவலி. பிரிட்டோ அழைத்தான், எடுக்கவில்லை.

ஏப்ரல் 24

வலது பக்கம் இருந்த தண்ணீர்ச் செம்பு கண்ணில் படாமல் தட்டிவிட்டேன்.

ஏப்ரல் 27

கண் ஆஸ்பத்திரி. அழுத்தம் பார்த்தார்கள். பிறகு இருட்டுக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. கருவி பழுதோ என்று நினைத்தேன். புள்ளி வந்துகொண்டுதான் இருந்ததாம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மருந்தை எப்படி விடுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"ஜெல்லை முதல்ல போட்டு மூடிட்டா மத்தது எப்படிங்க சார் உள்ள போகும்? யார் இப்படிச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை, மருமகள் வேறு வரிசை சொல்லியிருந்தாள் என்றேன். என்ன வரிசை என்றாள். நீல மூடி, வெள்ளை, ஜெல்.

"அவங்க சொன்னதுதானே சரி. அதை ஏன் மாத்தினீங்க?"

போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாள். மாலை கிரேஸ் டீச்சர் வந்து, ஜெசிந்தா சொல்லிக்கொடுத்த வரிசையில் விட்டுவிட்டுப் போனாள். முதல் சொட்டு எரிந்தது. ஆமாம், முதலில் எரிவதுதான். நினைவு வந்துவிட்டது.

ஏப்ரல் 28

பிப்ரவரி 22 அன்று எழுதிய ஆறு குறிப்புகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். முதல் மூன்றும் விவாதத்துக்கு உரியவை. அறிந்தவர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கலாம். நான்காவதை எழுதவே இல்லை. ஆறாவதை, என் கண்ணைப் பற்றியதை, டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வழி சொல்லும் எவரும் தன் வசதியையும் கலந்துதான் சொல்வார் என்று எழுதியிருந்தேன். ஜெசிந்தா எனக்குச் சரியான வரிசையைத்தான் சொன்னாள்.

ஐந்தாவது தவறு.